மணிக்கட்டில் ஒரு கங்காணி

(கேரளத்தில் மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கும் சூரியநெல்லியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் முன்னால் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘ஓடுகிறவர்களுக்கு ஃபிட்னஸ் வாட்ச் தேவையா?’ என்பது. அதற்கு முன் நான் உங்களை ஒன்று கேட்கிறேன். நம்ம வட்டாரத்தில் ஜிபிஎஸ் மாட்டிக்கொண்டு நடந்தவர்களில் நாடு முழுக்கப் பேர் வாங்கியவர் யார்?

(முன்வரிசையிலிருந்து: ‘அரிக்கொம்பன்!’ சிரிப்பு.)

அவரேதான், நம்ம காட்டு யானை. அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரை இடித்தே பேர் வாங்கியவர். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானல் பக்கம் மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றி, கழுத்தில் ஒரு ஜிபிஎஸ் காலரை மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மாதக் கடைசியில் கம்பம் தெருவுக்குள் நடந்துகொண்டிருந்தார். ஜூன் 5ஆம் தேதி தமிழ்நாட்டு வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. அத்தனை நாளும் அவர் எங்கே நிற்கிறார், எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்று பேப்பரில் வந்துகொண்டே இருந்தது. இரண்டு மாநிலத்துக்கும் தெரிந்த அந்தக் கணக்கு அவருக்கு மட்டும் தெரியாது. கழுத்தில் ஏதோ கனமாகத் தொங்குகிறது என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

யானைக் கதையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. உடம்பில் ஒரு கருவியைக் கட்டியதும், அது எத்தனை துல்லியம், என்ன விலை என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அது எழுதும் கணக்கை யார் படிக்கிறார்கள், படித்துவிட்டு யார் யாரை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்பதில்லை. மற்ற ஊரில் கேட்காமல் விட்டால் பரவாயில்லை. நாம் விடக்கூடாது. ஏனென்றால், உடம்பை எண்ணுவது நம்ம ஊருக்குப் புதிது இல்லை.

என் தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்காகப் போடி மெட்டு வழியாக மலையேறி வந்தவர். எங்கள் வீட்டில் நான் முதலில் கேட்ட எண் பள்ளிக்கூட வாய்ப்பாடு அல்ல, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலின் நம்பர். அம்மாவுக்கு ஒரு நம்பர், அத்தைக்கு ஒரு நம்பர். காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில், வேலை வாங்குகிற கங்காணியிடம் பேர் கொடுத்ததிலிருந்து கணக்கு ஆரம்பம். எந்த மலை, எந்த வரிசை, எத்தனை கிலோ கொழுந்து. மழை நாளில் இலையில் ஈரம் என்று சொல்லி இத்தனை கிலோ கழிவு. கொழுந்து கட்டுகிற படங்குக்கு இத்தனை கழிவு. நிறுவைத் தராசு முன்னால் நிற்கிற பெண் முள்ளைப் பார்ப்பாள். எழுதுகிறவர் பேனாவைப் பார்ப்பாள். இரண்டும் ஒன்றுதானா என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவாள். எழுத்துத் தெரியாத பெண்கள்கூட அந்தக் கணக்கில் தவறியதில்லை. 2015 செப்டம்பரில் கூலியும் போனஸும் கூட்டிக் கேட்டு, பெம்பிளை ஒருமை என்ற பேரில் தோட்டத்துப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது, டிவிக்காரர்கள் அசந்து போனார்கள். நாள் கூலி 232, கேட்பது 500, போனஸ் 20 சதவீதம் என்று எண்களைத் தட்டுத் தடுமாறாமல் சொன்னார்கள் அல்லவா, அந்தப் பழக்கம் தராசு முன்னால் வந்தது.

நான் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்காக என்று சொல்லி, உண்மையில் எனக்காக, ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வாட்ச் வாங்கினேன். வாங்கின புதிதில் தூங்கும்போதும் கட்டியிருந்தேன். காலையில் எழுந்ததும், நல்லாத் தூங்கினோமா என்று என்னைக் கேட்காமல் அதைக் கேட்பேன். ‘சரியாகத் தூங்கவில்லை’ என்று அது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கொட்டாவி. அப்படி ஒரு அடிமைத்தனம். அதிலிருந்து வெளியே வந்தது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். தராசு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவளிடம் யாரும் எடையில் ஏமாற்ற முடியாதே.

வாட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பச்சை விளக்கு மினுங்கும். இரத்தம் சிவப்பாக இருப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். இதயம் ஒரு முறை அழுத்தும்போது தோலுக்கு அடியில் இரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம் குறையும். துடிப்பு தணிந்தால் வெளிச்சம் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது எண்ணுகிறது. நம்ம நாட்டு வைத்தியர் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், ஐயம் என்று நாடி பார்த்தாரே, ஏறக்குறைய அதே இடம். 1707இல் ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்னால் நாடி வேகம், மந்தம் என்றுதான் பெரும்பாலும் பேச்சு. அவருக்குப் பிறகு நாடி ஒரு எண் ஆயிற்று. பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்களுக்காகத் தொடங்கிய போலார் கம்பெனி, 1982இல் ஒயர் இல்லாமல் நெஞ்சுப் பட்டையிலிருந்து கைக்கடிகாரத்துக்குத் துடிப்பை அனுப்பியது. அந்தப் பட்டை இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. மணிக்கட்டு வாட்ச் பிடிப்பது அந்த மின்சாரத்தின் விளைவாக வரும் இரத்த அலையை, அதுவும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கையில். இரண்டுக்கும் வித்தியாசம், மேளச் சத்தத்தை நேரில் கேட்பதற்கும் அடுத்த மலையிலிருந்து கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இதில் நம்ம ஊருக்கென்று உள்ள ஒரு வில்லங்கம், குளிர். மார்கழி, தை மாதத்தில் விடியற்காலை புல்மேல் உப்புத் தூவினது மாதிரி உறைபனி கிடக்கிற இடங்கள் மூணாறைச் சுற்றி உண்டு. குளிர் பட்டால் உடம்பு என்ன செய்யும்? கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வைத்துக்கொள்ளும். மணிக்கட்டில் இரத்தம் குறைந்தால் பச்சை விளக்குக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. ஆனால் ‘தெரியவில்லை’ என்று சொல்ல அதற்குப் பெரும்பாலும் வராது. எதையாவது சொல்லும்.

என்ன சொன்னது தெரியுமா? ஒரு தை மாதக் காலையில் கொழுக்குமலையிலிருந்து இறங்கி ஓடிக்கொண்டிருந்தேன். ஜீப் போகிற அந்தக் கல் பாதை உங்களுக்குத் தெரியும், ஜீப்பில் போனவர்களின் இடுப்புக்கும் தெரியும். இறக்கம்தான், மூச்சு வாங்கவில்லை, பக்கத்தில் ஓடி வந்த தம்பியோடு பேசிக்கொண்டே வருகிறேன். வாட்ச்சைப் பார்த்தால் இதயத் துடிப்பு 176! எனக்கு வயிற்றைக் கலக்கியது. நின்றேன். கழுத்து நரம்பில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணினேன். 31. நாலால் பெருக்கினால் 124. வாட்ச்சும் என் கழுத்தும் 52 துடிப்பு தள்ளி நின்றன. அப்புறம் வாட்ச்சில் அடுத்த பக்கத்தைத் தள்ளிப் பார்த்தால், நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறேன் என்ற கணக்கு இருந்தது. அதுவும் 176. குளிரில் துடிப்பைப் பிடிக்க முடியாமல், என் காலடி குலுக்கலைத் துடிப்பு என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது. ஓட்டக்காரர்கள் இதை ‘கேடன்ஸ் லாக்’ என்பார்கள். அடுத்த முறை உங்கள் துடிப்பும் அடி எண்ணிக்கையும் ஒரே எண்ணாக வந்தால், பயப்படுவதற்கு முன்னால் கழுத்தில் விரலை வையுங்கள்.

தூரத்துக்கு வருவோம். 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக்குறிப்பைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு வாட்ச் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. குறைந்தது நாலு கோள்களாவது கண்ணில் பட வேண்டும். திறந்த மைதானத்தில் அருமையாக வேலை செய்யும். ஒரு பக்கம் பாறைச் சுவர், ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், மேலே மரக்கூரை என்றால் சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வரும். வாட்ச் உங்களைப் பள்ளத்துக்கு நடுவில் பறக்க விடும். கொண்டை ஊசி வளைவில் இரண்டு புள்ளியை வைத்து நேர்கோடு போட்டு மூலையை வெட்டிவிடும். நீங்கள் வளைந்து வளைந்து ஓடியது 12 கிலோமீட்டர் என்றால் அது கொஞ்சம் குறைத்தே எழுதும். அதாவது, ஈரக் கழிவு!

(சிரிப்பு.)

உயரம் சொல்வது இன்னும் வேடிக்கை. நல்ல வாட்ச்சில் காற்றழுத்தமானி இருக்கும். மேலே போகப் போகக் காற்று லேசாகும். நம்ம உயரத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். அதை வைத்துத்தான் இத்தனை மீட்டர் ஏறினாய் என்கிறது. ஆனால் மழை மேகம் வந்தாலும் அழுத்தம் குறையும் அல்லவா? ஆடி மாதத்தில் ஒரு நாள் வீட்டுத் திண்ணையில் வாட்ச்சைக் கழற்றி வைத்திருந்தேன். மதியத்துக்குள் அது 30 மீட்டர் மலையேறியிருந்தது. நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

செலவான கலோரி என்று ஒன்று காட்டுமே, அதை நம்பி யாரும் கூடுதலாக இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிடாதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகை வாட்ச்சுகளைக் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறு ஓரளவு நன்றாகச் செய்தன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருந்ததில் நல்லதே சராசரி 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். நிறுவையில் 27 சதவீதம் பிசகினால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் அத்தை கதை.

அத்தை ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம். நான் லீவில் வந்திருந்தேன். ஒரு நாள் இதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போங்க அத்தை என்று வாட்ச்சைக் கொடுத்தேன். சும்மா ஒரு ஆசைதான். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று டாக்டர் முதல் டீக்கடை வரை சொல்கிறார்களே, தோட்டத்தில் எத்தனை நடப்பார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965இல், ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. அதற்கு வைத்த பேருக்கே ‘பத்தாயிரம் அடி மானி’ என்றுதான் அர்த்தம். மருத்துவம் கண்டுபிடித்த எண் அல்ல, கடைக்காரர் வைத்த பேர். பின்னால் 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதான 16,741 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு 7,500 அடி வாக்கிலேயே ஆயுளுக்குக் கிடைக்கும் நன்மை சமநிலைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனாலும் உலகம் பூராவும் வாட்ச்சுகள் பத்தாயிரத்தில்தான் பட்டாசு வெடிக்கின்றன.

சாயங்காலம் அத்தை வந்தார். வாட்ச்சைப் பார்த்தால் அடி எண்ணிக்கை எங்கேயோ போயிருந்தது. அத்தனை அடி நடந்தால் போடிக்கே போய் வந்திருக்கலாம். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் யோசித்தேன். அத்தையின் சின்ன வயதில் கொழுந்தைக் கையால் கிள்ளினார்கள். இப்போது பை கட்டிய கத்தரி. செடி முன்னால் நின்ற இடத்தில் நின்று சரக் சரக் என்று வெட்டிக்கொண்டே போக வேண்டும். அந்த ஒவ்வொரு வெட்டையும் வாட்ச் ஒரு அடி என்று எழுதியிருக்கிறது. சரி, கத்தரி வெட்டாத நேரம்? கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு, சரிவில் நிறுவைக்கு இறங்கினாரே, அப்போது கை ஆடவில்லை. அந்த நடை கணக்கிலேயே இல்லை. இருபது கிலோவுக்கு மேல் தலையில் இருந்தது என்பதும் அதற்குத் தெரியாது. நின்று செய்தது நடையாயிற்று, சுமந்து நடந்தது ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

இதைவிட ஒன்று. நிறுவை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது கையில் ஏதோ குறுகுறு என்றதாம். ‘வண்டுதான் கடிக்குதுன்னு தட்டிவிட்டேன், மருமவனே. பாத்தா ஒரு ஆளு படம் போட்டு என்னமோ எழுதியிருக்கு. இங்கிலீசுல இருந்துச்சு’ என்றார். எனக்குத் தெரியும் அது என்ன என்று. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், எழுந்து நட என்று சொல்லும். ‘ரொம்ப நேரம் சும்மா இருக்கீங்களாம் அத்தை, கொஞ்சம் நடக்கச் சொல்லுது’ என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ‘அப்ப கங்காணி செத்துக் கடியாரமாப் பொறந்திருக்கான்’ என்றார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வெந்நீர் போடப் போய்விட்டார்.

(நீண்ட சிரிப்பு, கைதட்டல்.)

சிரிக்கிறோம். ஆனால் இது கற்பனை இல்லை. சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் நாக்பூரிலும் தெருக் கூட்டுகிற தொழிலாளர்கள் கையில் ஜிபிஎஸ் வாட்ச் கட்டினார்கள். எங்கே நிற்கிறாள், எத்தனை நேரம் உட்கார்ந்தாள் என்று ஆபீசில் ஒரு திரையில் தெரியும். கழிப்பறைக்குப் போனால்கூடத் தெரியும் என்று சொல்லிச் சண்டிகரில் அவர்கள் போராட்டம் நடத்தினார்கள். மாடியில் இருக்கிற மேனேஜர் ஆசைப்பட்டு வாங்கிக் கட்டியிருப்பதும் அதே மாதிரி ஒரு வாட்ச்தான். அவருக்கு அது நண்பன். கூட்டுகிறவளுக்கு அது கங்காணி. கருவி ஒன்றுதான், கணக்கைப் படிக்கும் ஆள் வேறு. ஆசைப்பட்டுக் கட்டினவர்களும் முழுக்கத் தப்பவில்லை. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற ஓட்டக்காரர் ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பாலைவனத்து நடுவில் சின்னச் சின்ன வட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. முகாமைச் சுற்றி ஓடிய பட்டாளத்துக்காரர்கள் ரகசிய முகாமின் சுற்றுச்சுவரை அவர்களே வரைந்து கொடுத்திருந்தார்கள். பெண் பிள்ளைகள் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: தினமும் எந்த வாசலில் தொடங்கி எந்த வாசலில் முடிக்கிறீர்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஆப்பில் வீட்டைச் சுற்றி மறைக்கிற வசதி இருக்கிறது. இன்று ராத்திரியே போட்டுவிடுங்கள்.

சரி, அப்படியானால் வாட்ச் வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், இதோ. ஓடுகிறவனுக்கு இதனால் ஒரு பெரிய உபகாரம் உண்டு. அது வேகமாக ஓட வைப்பது இல்லை, மெதுவாக ஓட வைப்பது.

நம்ம பிள்ளைகளிடம் நான் பார்க்கும் ஒரே கோளாறு, தினமும் போட்டி போல ஓடுவது. மலைக்காரப் பிள்ளைகள், நுரையீரல் பலம், அதனால் தாங்கிவிடுகிறார்கள். ஆனால் மூன்று மாதத்தில் முழங்கால் போய்விடுகிறது. கென்யாக்காரர்களைப் பாருங்கள். அங்கே இட்டன் என்று ஒரு ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர். அடியில் சொன்னால் 7,900 அடி, நம்ம கொழுக்குமலைக்குச் சொல்கிற அதே கணக்கு. 1976இல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்க அயர்லாந்திலிருந்து கோம் ஓ’கானல் என்ற துறவி வந்தார். தடகளத்தில் அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அவரிடம் வளர்ந்த டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அந்த நாட்டு வீரர்கள் சுலப நாள் ஓட்டத்தில் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் நம்ம ஒன்பதாம் வகுப்புப் பையன் சிரிப்பான், நானே முந்திப் போவேன் என்பான். அவர்களுக்குக் கஷ்ட நாள் வேறு, சுலப நாள் வேறு. நமக்கு எல்லா நாளும் ஒரே நாள்.

அவ்வளவு தூரம் போவானேன். இங்கிருந்து ராஜாக்காடு பக்கம் முல்லக்கானம். அங்கே ஒரு ஏழை வீட்டில் பிறந்தவர் பிரீஜா ஸ்ரீதரன். 2010 குவாங்ஜோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம். 31 நிமிடம் 50.47 விநாடி. இருபத்தைந்து சுற்று, ஒரு சுற்றுக்கு 76 விநாடிச் சொச்சம். இரண்டாவது வந்தவர் நாசிக்கின் கவிதா ராவத், 31 நிமிடம் 51.44. பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு இரண்டு இந்தியப் பெண்களுக்கு நடுவில் ஒரு விநாடிகூட இல்லை. இதே இடுக்கி மலையின் கொம்பொடிஞ்சாலில் பிறந்த பீனாமோள் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார், அதே போட்டியில் ஆண்கள் 800 மீட்டரில் அவருடைய தம்பி பினுவுக்கு வெள்ளி. இவர்கள் சின்ன வயதில் பள்ளிக்கு ஏறி இறங்கிய மேட்டுப் பாதையை எந்தச் செயற்கைக்கோளும் பதிவு செய்யவில்லை. அவர்களுக்கு இருந்தது ஸ்டாப்வாட்ச் பிடித்த ஒரு கோச்.

உங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கோச்சும் இல்லை. அதனால்தான் வாட்ச்சை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சுலப நாளில் மூச்சு முட்டாமல் ஓட அது ஒரு கடிவாளம். ஆனால் அது தரும் ‘மண்டலம்’, ஜோன் என்கிறார்களே, அதை அப்படியே நம்பாதீர்கள். 220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று ஒரு சூத்திரம். 1970களின் தொடக்கத்தில் பல ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவில் உத்தேசமாக வரைந்த கோடு அது. 2001இல் தனாகா என்பவரும் கூட்டாளிகளும் அதைத் திருத்தி, வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் கழிக்கச் சொன்னார்கள். அதுவும் ஊர்ச் சராசரிதான். ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு உச்சத் துடிப்பில் இருபது வித்தியாசம் இருக்கலாம். ஊர்ச் சராசரி அளவில் தைத்த சட்டை உங்களுக்குப் பொருந்தினால் அது அதிர்ஷ்டம்.

அதைவிட நல்ல சோதனை நம்ம அம்மாக்களிடம் இருக்கிறது. மூட்டையோடு மேடு ஏறும்போது பேசிக்கொண்டே ஏறுவார்கள். பேச்சு நின்றால் மேடு செங்குத்து என்று அர்த்தம். உடற்பயிற்சி அறிவியலும் இதைத்தான் ‘பேச்சுச் சோதனை’ என்று சொல்கிறது. முழு வாக்கியம் பேச முடிந்தால் சுலப ஓட்டம். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் கஷ்ட ஓட்டம். மேட்டில் ‘கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம்’ என்ற கணக்கையே மறந்துவிடுங்கள். சின்னக்கானல் ரோட்டில் ஆறு நிமிடத்தில் ஓடுகிற பிள்ளை கொழுக்குமலைப் பாதையில் பத்து நிமிடம் ஓடினால் அது சோம்பேறித்தனம் இல்லை, மலை.

நான் வாட்ச்சிடம் இப்போது கேட்பது இரண்டே விஷயம்தான். ஒன்று, காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் துடிப்பு எவ்வளவு. எனக்கு வழக்கமாக 54, 55. ஒரு நாள் 63 என்றால் காய்ச்சல் வரப்போகிறது, அல்லது முந்தின நாள் அதிகம் ஓடிவிட்டேன். உடம்பு அசையாமல், கை வெதுவெதுப்பாக இருக்கும்போது பச்சை விளக்கு சரியாகப் படிக்கும் என்பதால் இந்த எண்ணை நான் நம்புகிறேன். இரண்டாவது, இந்த வாரம் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடினேன். கிலோமீட்டர் அல்ல, நேரம். நேரத்தில் அது பொய் சொல்லாது, என்ன இருந்தாலும் கடிகாரம்தானே. இந்த இரண்டையும் ஒரு நோட்டில் கையால் எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு வரி: மழை, வலது குதிகால் வலி, பாதியில் திரும்பினேன், இப்படி. 2019 அக்டோபரில் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முதன்முதலாக ஓடிக் காட்டிய எலியுட் கிப்சோகே, 2003 முதல் தன் பயிற்சியை நோட்டில் கையால்தான் எழுதி வருகிறார். தூக்கத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த என் அடிமைத்தனம் தீர்ந்ததும் நோட்டு வாங்கின பிறகுதான். எழுதப் பேனாவை எடுத்ததும், இன்றைக்கு எப்படி இருந்தது என்று என்னையே கேட்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு விஷயம், இதில் விளையாட்டு இல்லை. வாட்ச் காலை ஐந்தரைக்கு அலறும், ‘இன்று இடைவெளி ஓட்டம்’ என்று சொல்லும். யானைகள் நடமாடுகிற ஆனையிறங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஏலக்காட்டுக்குள் நிற்கிற யானைக் கூட்டம் நேற்று ராத்திரி எந்தப் பக்கம் கடந்தது என்பது பால்காரருக்குத் தெரியும், ஜீப் டிரைவருக்குத் தெரியும், கோழிக் கூட்டை அடைக்கிற பாட்டிக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமல் இருட்டில் ஒருவரும் ரோட்டில் இறங்கக் கூடாது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுவதும் கூடாது. தினமும் ஓடுகிற தொடர்ச்சி ஒரு நாள் அறுந்தால் வாட்ச்சில் ஒரு பதக்கம் போகும், அவ்வளவுதானே.

(சபையில் இருந்து ஒரு சிறுமி: ‘சார், வாட்ச் இல்லாம ஓடினா கணக்குல வருமா?’)

எந்தக் கணக்கில் பாப்பா? உன் அம்மாவைக் கேள், செக்ரோலில் ஏறாத வேலை எத்தனை செய்திருக்கிறாள் என்று.

நாளைக் காலை ஏழு மணிக்கு, நல்லா வெளிச்சம் வந்த பிறகு, பள்ளிக்கூட மேட்டில் சந்திப்போம். எட்டு கிலோமீட்டர், சுலப ஓட்டம், பேசிக்கொண்டே. வாட்ச் உள்ளவர்கள் கட்டிக்கொண்டு வரலாம். கட்டுகிறவர்கள் மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி இறுக்கமாகக் கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். கை சூடாக இருந்தால் அது சரியாகப் படிக்கும், துணி மூடியிருந்தால் நீங்கள் அதை அடிக்கடி பார்க்க மாட்டீர்கள். நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன். நாற்பது பக்க நோட்டு, ஆளுக்கு ஒன்று. டீ வந்துவிட்டது போல, குடித்துவிட்டுப் பேசுவோம்.